பத்து வெல்லம், ஆளுக்கு நாலு

போளூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு மூட்டை அச்சு வெல்லத்தோடு நான் ஏறியபோது கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாமா, மலைல கல்யாணமா?" என்றார். இல்லை, ஆராய்ச்சி என்றேன். "வெல்லத்துலயா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மனிதர்களிடையே நியாயம் எப்படி உண்டாகிறது என்று ஆராய்கிறேன் என்பதை, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூட்டையின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. மூட்டைக்கும் சேர்த்து டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

நான் வாணியம்பாடிக்காரி. மூன்று அண்ணன்களுக்குப் பிறகு பிறந்தவள். அதனாலோ என்னவோ, பங்கு என்று வந்துவிட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் பிரியாணி அண்டாவைத் திறந்தால், அம்மா கரண்டியை விடுவதற்குள் யார் தட்டில் எத்தனை கறித்துண்டு விழுகிறது என்று எண்ண ஆரம்பித்துவிடுவேன். ஒரு துண்டு குறைந்தாலும் அன்று வீடு தாங்காது. தோல் வியாபாரம் செய்த அத்தா, "இவள ஜட்ஜுக்குப் படிக்க வெக்கணும்" என்பார். நான் கணக்குப் படித்தேன். பிறகு சென்னையில் ஒரு பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்து, கணினிக்குள் புள்ளிகளை வைத்துப் பங்குச் சண்டை நடத்த ஆரம்பித்தேன்.

அந்தச் சண்டை இப்படித்தான் நடக்கும். திரையில் ஆயிரக்கணக்கான புள்ளிகள், ஒவ்வொன்றும் ஓர் ஆள். இரண்டு புள்ளிகள் சந்தித்தால் நடுவில் பத்துப் பங்கு இருக்கும். ஒன்றோடொன்று பேசி வைத்துக்கொள்ளாமல், எனக்கு இத்தனை வேண்டும் என்று இரண்டும் கேட்க வேண்டும். இருவரும் கேட்டது பத்துக்குள் அடங்கினால் கேட்டது கிடைக்கும். பத்தைத் தாண்டினால் இருவருக்கும் ஒன்றும் கிடையாது. சில புள்ளிகளைப் பேராசை பிடித்தவையாகச் செய்திருந்தேன். அவை ஆறு, ஏழு என்று கேட்கும். சில கூச்சப்பட்டு மூன்று கேட்கும். சில சரிபாதியாக ஐந்து கேட்கும். நன்றாகச் சம்பாதிக்கும் புள்ளியைப் பார்த்து மற்றவை தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொள்ளும். அவ்வளவுதான் விதி. ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போவேன். திரும்பி வரும்போது பேராசைக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் மோதி வெறுங்கையோடு நின்றிருப்பார்கள். கூச்சக்காரர்கள் எதுவும் சேர்க்காமல் கரைந்து போயிருப்பார்கள். பெரும்பாலான நாட்களில் திரை முழுக்க ஐந்து கேட்கும் புள்ளிகளாக இருக்கும். சட்டம் கிடையாது, போலீஸ் கிடையாது, உபதேசம் செய்ய ஒருவரும் கிடையாது, ஆனாலும் ஊரில் நியாயம் வந்துவிட்டது. முதல் முறை இதைப் பார்த்த அன்று ஹாஸ்டல் மெஸ்ஸில் யாரோடும் சண்டை போடாமல் சாப்பிட்டேன்.

"புள்ளி போதாதும்மா, மனுசங்க வேணும்" என்றார் பேராசிரியர். நிஜமான ஊர் ஒன்றில், நிஜமான பொருளை வைத்து இதே ஆட்டத்தை நடத்த வேண்டும். என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் அதுதான். அங்கேயும் மனிதர்கள் ஐந்து ஐந்தாகக் கேட்டால் என் கணினி ஊர் சரி, எனக்குப் பட்டம். இல்லையென்றால் மூன்று வருட உழைப்பு குப்பைக்குத்தான். உதவித்தொகை பங்குனியோடு நிற்கிறது. நான் மலை ஏறியது தை மாதக் கடைசியில்.

ஜவ்வாது மலையில் எனக்கு இடம் கொடுத்தது ஒரு சிற்றூரின் பால்வாடி. அங்கே குழந்தைகளுக்குச் சமைக்கும் அக்காவின் வீட்டில்தான் தங்கினேன். அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். பேசினால் ஒரு வார்த்தை மிச்சம் வைக்கமாட்டார். முதல் நாள் என் மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எறும்புக்குச் சோறு போடவா வந்த பாப்பா?" என்று கேட்டு, அதை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டு, சுற்றிலும் மஞ்சளைத் தூவினார். அந்த மூட்டை பிழைத்ததே அவரால்தான்.

மாலையில் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு பால்வாடியில் ஆட்டம் தொடங்கும். அது புளி உலுக்கும் காலம். பகலெல்லாம் மரத்தடியில் இருந்துவிட்டு, கைகழுவியும் பழுப்பு போகாத விரல்களோடு ஆண்களும் பெண்களும் வருவார்கள். அறையின் நடுவே என் பெட்ஷீட்டைக் கயிற்றில் கட்டித் திரையாக்கியிருந்தேன். முன்வாசல் வழியாக ஒருவர், சமையல்கட்டு வழியாக ஒருவர் வந்து, திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார வேண்டும். எதிரில் இருப்பது யார் என்று தெரியக் கூடாது என்பது விதி. இருமலை வைத்தே ஆளைச் சொல்லிவிடும் ஊரில் அந்த விதி எவ்வளவு தூரம் நிலைத்தது என்று நான் ஆய்வேட்டில் எழுதவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் பத்துப் புளியங்கொட்டை, ஒரு டம்ளர். எத்தனை வெல்லம் வேண்டுமோ அத்தனை கொட்டையை டம்ளரில் போட்டு, திரையின் ஓரத்தில் நடுவாக உட்கார்ந்திருக்கும் என்னிடம் நீட்ட வேண்டும். நான் இரண்டையும் எண்ணிப் பார்த்து, முன்னால் அடுக்கியிருக்கும் பத்து அச்சு வெல்லத்தைப் பிரித்துக் கொடுப்பேன்.

முதல் ஜோடியில் நாலு கொட்டை, நாலு கொட்டை. ஆளுக்கு நாலு வெல்லம் கொடுத்தேன், இரண்டு மிஞ்சியது. அதை மூட்டைக்குள் போட்டுவிட்டு அடுத்த ஜோடியைக் கூப்பிட்டேன். அவர்களும் நாலு, நாலு. அன்று வந்த அத்தனை பேரும் நாலு. மறுநாள் வந்தவர்களும் நாலு. ஒரே ஒருவர், ஜீப் ஓட்டும் அண்ணன், டம்ளரில் ஐந்து போட்டு, ஒன்றை எடுத்து, கொஞ்சம் யோசித்துவிட்டு நாலோடு நீட்டினார். எனக்கு அந்த ஒற்றைக் கொட்டையைப் பிடுங்கி டம்ளரில் போட்டுவிடலாமா என்று கை துடித்தது.

விதி புரியவில்லை என்று முடிவு கட்டினேன். மூன்றாம் நாள் எல்லோரையும் உட்கார வைத்து வெல்லத்தை அடுக்கிக் காட்டி விளக்கினேன். இவர் ஐந்து, அவர் ஐந்து, மொத்தம் பத்து, ஒன்றும் மிஞ்சாது, யாருக்கும் நஷ்டம் இல்லை. எல்லோரும் பொறுமையாகத் தலையாட்டினார்கள். பிறகு ஆடினார்கள். நாலு, நாலு.

ஜீப் அண்ணனை வாசலில் மடக்கினேன்.

"அண்ணா, ரெண்டு பேரும் அஞ்சு கேட்டா ரெண்டு பேருக்கும் லாபம்தானே?"

"லாபந்தாங்க மேடம்."

"அப்ப ஏன் நாலு கேட்டீங்க?"

"நாலு தாங்க சரி."

"அது எப்படி சரி?"

அவர் என்னைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாததாங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாரைக் கேட்டாலும் இதே கதைதான். ஒரு சிரிப்பு, ஒரு நெளிவு, அப்புறம் "போதுங்க". இத்தனை பேருக்கு ஒரே மாதிரி போதும் என்று தோன்றுவது எப்படி என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊருக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு பாறை. அங்கே ஏறி நின்றால்தான் போனில் டவர் கிடைக்கும். பேராசிரியரிடம் சொன்னேன். "அது பயம்மா" என்றார். எதிராளி ஆறு கேட்டுவிட்டால் எல்லாம் போய்விடுமே என்று ஒன்றைக் குறைத்துக் கேட்கிறார்கள். "வெல்லத்தைக் குறைச்சு வெச்சுப் பாருங்க. பயம்னா கேக்கறது தாறுமாறா மாறும்" என்றார்.

பத்துக்குப் பதிலாக எட்டு வைத்தேன். எல்லோரும் மூன்று கேட்டார்கள். மூன்றும் மூன்றும் ஆறு. மறுபடியும் இரண்டு மிச்சம். ஏதோ பேசி வைத்துக்கொண்ட மாதிரி, பத்தோ எட்டோ, எனக்கு முன்னால் எப்போதும் இரண்டு அச்சு வெல்லம் உட்கார்ந்திருந்தது. அதை எடுத்து மூட்டையில் போடப் போட எனக்கு எரிச்சல் கூடியது.

அந்த வாரத்தில் ஊரும் என்னிடம் கொஞ்சம் இறுகிப்போனது போல் இருந்தது. சிரிப்பு இருந்தது, ஆனால் முதல் நாள் இருந்த கேலி இல்லை. ஒரு நாள் காலையில் அடுப்பை ஊதிக்கொண்டே அக்கா கேட்டார்: "ஏம் பாப்பா, உனக்குச் சக்கர வியாதி எதுனா கீதா?"

"இல்லக்கா. ஏன்?"

"வெல்லம் துன்ன மாட்டியா?"

"நல்லா சாப்பிடுவேனே. ரொம்பப் பிடிக்கும்."

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்புறம் மறுபடி அடுப்பை ஊதினார். இரக்கமும் இல்லாமல் கோபமும் இல்லாமல் இருந்த அந்தப் பார்வையை நான் கவனித்தேன்தான். ஆனால் என் தலைக்குள் ஐந்து ஐந்து என்று ஓடிக்கொண்டிருந்ததால் அதைப் பற்றி யோசிக்கவில்லை. படித்தவர்களுக்கே உரிய செவிட்டுத்தனம் அது.

பேராசிரியரின் அடுத்த போன் என்னை உட்கார வைத்துவிட்டது. எட்டுக்கு மூன்று என்றால் பயம் என்ற விளக்கமும் சரியாக நிற்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். "அப்ப அவங்களுக்கு ஆட்டம் புரியலன்னுதான் அர்த்தம். புரியாம ஆடினதை வெச்சு அத்தியாயம் எழுத முடியாதும்மா. இன்னொரு ஊர் தேட நேரமும் இல்ல. இந்த வாரம் பாருங்க. இல்லன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்துடுங்க, என்ன பண்ணலாம்னு யோசிப்போம்." யோசிப்போம் என்று அவர் சொன்னால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். எனக்கு முன்னால் இரண்டு பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார். அந்தப் பாறையிலேயே உட்கார்ந்து அழுதேன். நல்ல வெயில், நல்ல காற்று, கீழே சாமை அறுத்த கொல்லைகள் பொட்டலாகக் கிடந்தன, நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். நாலு ஆடுகள் வந்து என் நோட்டை மோந்து பார்த்தன. அவையும் நாலா என்று எண்ணிவிட்டுத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வந்தவர்களில் ஒருவர் அதிகமாக இருந்தார். ஜோடி சேராமல் மிஞ்சியது புளி உடைக்கும் ஓர் அண்ணி. ஊரிலேயே வாய் நீளம் என்று பேர் வாங்கியவர். "நான் இன்னா பாவம் பண்ணேன், வூட்டு வேலைய வுட்டுட்டு வந்தேனே" என்று சமையல்கட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"மேடமே ஆடட்டுமே" என்றார் ஜீப் அண்ணன். "இத்தினி நாளா எங்களையே ஆட வெச்சு வேடிக்க பாக்கறாங்க."

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் ஆடினால் கொட்டை எண்ணி வெல்லம் பிரிப்பது யார் என்று கேட்டேன். "நான் பிரிக்கறேன் போ" என்றார் அக்கா. பிள்ளைகளுக்குச் சுண்டல் பிரித்துப் பழகிய கை. என் இடத்தில் போய் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பத்து வெல்லத்தையும் என்னைவிட நேராக அடுக்கினார்.

திரைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் பத்துப் புளியங்கொட்டை. நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் என் கை ஆறுக்குத்தான் போனது. இந்த ஊரில் எல்லோரும் நாலு கேட்பார்கள் என்பது எனக்கு மட்டும் நிச்சயமாகத் தெரியும். ஆறு கேட்டால் ஆறும் கிடைக்கும். என் பேராசைப் புள்ளிகள் என்ன நினைத்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் நான் யார், நியாயத்தை ஆராய வந்தவள். ஆறாவது கொட்டையை விரலால் தள்ளிவைத்தேன். ஐந்தை டம்ளரில் போட்டேன். என்னைப் பற்றி எனக்கே ரொம்பப் பெருமையாக இருந்தது. இந்த ஊருக்கு நியாயம் என்றால் என்ன என்பதை இன்றைக்கு நாமே ஆடிக் காட்டப்போகிறோம் என்றுகூட நினைத்தேன்.

அக்கா டம்ளர்களை வாங்கிக் கவிழ்த்தார். அண்ணியுடையது நாலு. என்னுடையது ஐந்து. மறுபடியும் ஒருமுறை எண்ணினார். அண்ணி பக்கம் நாலு அச்சைத் தள்ளினார், என் பக்கம் ஐந்து அச்சைத் தள்ளினார். அவர் முன்னால் ஒரே ஒரு வெல்லம் நின்றது.

சமையல்கட்டு வாசலில் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அண்ணி திரையைத் தூக்கி என்னையும் என் ஐந்து வெல்லத்தையும் பார்த்தார்.

"இன்னா மேடம், அக்காவுக்கு வெக்காம வழிச்சிக்கினீங்களே" என்றார்.

"அக்காவுக்கா? அக்கா ஆடலையே."

"ஆடல. பிரிச்சாங்கல்ல?"

"வுடு, டவுன் பொண்ணு" என்றார் அக்கா. அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒற்றை வெல்லத்தை எடுத்துத் தலைப்பில் முடிந்துகொண்டார். அதை அவர் முடிந்துகொண்ட விதத்தில் எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

அப்புறம் அண்ணிதான் எல்லாவற்றையும் சொன்னார். ஒரு புளியமரம் இரண்டு வீட்டுக்குப் பொது என்றால், உலுக்கிக் குவித்த பிறகு அந்த இரண்டு வீட்டாரும் அதில் கைவைக்க மாட்டார்கள். மூன்றாம் வீட்டு ஆளைக் கூப்பிடுவார்கள். அவர்தான் கூறு போடுவார். இரண்டு கூறும் சமமாக விழுந்த பிறகு, ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கூறிலிருந்து அவருக்கு ஒரு பங்கு ஒதுக்குவார்கள். ஆட்டுக்கறி பிரித்தாலும் அப்படித்தான், தேன் பிரித்தாலும் அப்படித்தான். பாதி என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பத்தில் பாதி ஐந்து. அதில் ஒன்று, பிரித்துக் கொடுத்த கைக்கு. எட்டில் பாதி நாலு. அதில் ஒன்று, பிரித்துக் கொடுத்த கைக்கு. அவர்கள் ஒருவர்கூட விதியைத் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. என்னைவிட ஓர் ஆளை அதிகமாக எண்ணியிருந்தார்கள், அவ்வளவுதான். அந்த ஆள் நான்.

"அப்ப அந்த ரெண்டு வெல்லம்..." என்றேன்.

"உன்னுது தான் பாப்பா" என்றார் அக்கா. "தெனம் உனக்குன்னு வெக்கறாங்க. நீ எடுத்து மூட்டைல கொட்ற."

"மூட்டையே என்னோடதுதானக்கா. நான் வாங்கிட்டு வந்ததுதானே."

"வாங்கினது நீ தான். ஆட்டத்துல வெச்சப்புறம் அது ஆடறவங்களுது. அவங்க குடுத்தா எடுத்துக்கணும். எங்க கையால குடுத்தா வாங்க மாட்டாங்க போலன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. அதான் சக்கர வியாதி கீதான்னு கேட்டேன்."

"யாராவது ஒருத்தர் என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

இதற்குத்தான் அண்ணிக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "எப்டிங்க சொல்றது? உனக்குன்னு வெச்சிருக்கோம் எடுத்துக்கோன்னா? கேட்டு வாங்கறதும் சொல்லிக் குடுக்கறதுமா பங்கு?"

என் ஐந்திலிருந்து ஒன்றை எடுத்து அக்காவிடம் நீட்டினேன். வேண்டாம் என்று கையை மடக்கிவிட்டார். "இப்பக் குடுத்தா அது பங்கு இல்ல பாப்பா. வெச்சிக்கோ." எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. சின்ன வயதிலிருந்து மற்றவர்கள் தட்டை எண்ணியே வளர்ந்தவள் நான். பரிமாறிய அம்மாவின் தட்டில் எத்தனை துண்டு விழுந்தது என்று ஒரு நாள்கூட எண்ணியதில்லை. அந்த நினைப்பு வந்ததும் அந்த ஐந்து வெல்லத்தையும் மடியில் வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஜீப் அண்ணன்தான் காப்பாற்றினார். "அப்ப இத்தினி நாளா மேடம் வேணாம்னு கொட்டின வெல்லம் எவ்ளோ ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, அதையே மேடம் மறுபடி மறுபடி ஜோடிகளுக்குப் பிரித்திருக்கிறார், ஆகவே இந்த ஊர் சாப்பிட்டதெல்லாம் மேடத்தின் பங்கு என்று தீர்ப்புச் சொன்னார். அதற்கு அண்ணி சிரித்த சிரிப்பில் பெட்ஷீட் கயிற்றோடு அறுந்து விழுந்தது. நானும் சிரித்தேன். அன்று அக்கா வைத்த வெல்ல டீயை எல்லோரும் குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்த ஆட்டங்களில் மிஞ்சும் இரண்டை அந்த இருவர் கண்முன்னால் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அது எவ்வளவு கஷ்டம் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆராய்ச்சி செய்கிறவர் ஆட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். முதல் இரண்டு நாள் திருடுவது போலவே இருந்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. நாலாம் நாள், ஓர் ஆள் தன் நாலைத் தானே பொறுக்கிக்கொண்டு எனக்கு விட்டுவைத்த வெல்லம் உடைந்ததாக இருக்கவே, "அண்ணா, நல்லதா வெய்ங்க" என்றேன். அவர் ரொம்ப சந்தோஷப்பட்டு மாற்றி வைத்தார்.

பகலில், பிள்ளைகள் தூங்கும் நேரத்தில், பால்வாடியின் ஒரே பிளக்கில் லேப்டாப்பைச் சொருகி என் ஊரைப் பிரித்து மறுபடி கட்டினேன். இரண்டு புள்ளி சந்தித்தால் போதாது, பிரித்துக் கொடுக்க மூன்றாவதாக ஒரு புள்ளி வர வேண்டும் என்று வைத்தேன். இன்று பிரித்துக் கொடுக்கும் புள்ளி நாளை ஆடும், இன்று ஆடும் புள்ளி நாளை பிரிக்கும். பிரித்தவருக்கு ஒன்றும் மிஞ்சாத இடத்தில் அடுத்த முறை பிரிக்க யாரும் வரமாட்டார்கள். பிரிக்க ஆள் இல்லாவிட்டால் அங்கே இருவருக்குமே ஒன்றுமில்லை. ஓடவிட்டேன். பிள்ளைகள் எழுந்து சுண்டல் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஐந்து கேட்கும் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. நான் எவ்வளவோ செல்லமாக வளர்த்த புள்ளிகள் அவை. தங்களுக்குள் நியாயமாகத்தான் இருந்தன, பிரிப்பவரைத்தான் மறந்திருந்தன. கடைசியில் திரை முழுக்க நாலு. தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த அக்கா, "இத்த கண்டுபுடிக்க கரண்ட்டு வேறயா?" என்றார்.

மாசிக் கடைசியில் பாறை மேல் ஏறி, எல்லாவற்றையும் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டு வீடியோ காலில் காத்திருந்தேன். அவர் படிக்கும்போது புருவம் மட்டும்தான் அசையும். படித்து முடித்து, "இந்த அத்தியாயம் நிக்கும்மா" என்றார். "முதல் ரெண்டு அத்தியாயத்தையும் இதுக்குத் தகுந்த மாதிரி திருத்தி எழுதணும். எழுதிடுவீங்களா?" எழுதிவிடுவேன் சார் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். கீழே தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்து, இன்னா ஆச்சு என்று கையால் கேட்டார். நல்லது என்று கையாலேயே சொன்னேன்.

பேராசிரியர் இன்னும் அட்டவணையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வைத்த ஆட்டங்களில் யார் எத்தனை கேட்டார்கள் என்பது வரிசையாக இருந்தது. பக்கம் பக்கமாக நாலு.

"இதுல ஒருத்தர் மட்டும் அஞ்சு கேட்டிருக்காங்களே" என்றார்.

"ஆமா சார்."

"விதி புரியாம ஆடியிருப்பாங்க. அந்த வரியை எடுத்துடுங்க."

"வேணாம் சார், இருக்கட்டும்" என்றேன். "அது நான்தான்."